மலையில் எது விளையும் என்பதைப் பட்டாவும் சொல்லும்

கோயம்புத்தூரிலிருந்து ஏறி வந்த ஒரு தம்பி மூன்று நாள் நீலகிரியைச் சுற்றிவிட்டு, இறங்குவதற்கு முன் என்னிடம் கேட்டார்: "அண்ணா, கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் எனத் துண்டு துண்டாகத் தேயிலை. கூடலூர்ப் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை எஸ்டேட், அதன் ஓரத்திலேயே கரண்ட் இல்லாத வீடு. கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரே கேரட். எல்லாம் ஒரே மாவட்டம்தானே? இது மண்ணும் மழையும் செய்த வேலையா, இல்லை சட்டம் செய்ததா? இங்கே ரெண்டு ஏக்கர் வாங்கி விவசாயம் பண்ணலாமா?"

நான் முப்பது வருடமாகக் குன்னூரில் பத்திரம் எழுதுகிறவன். எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மண்ணும் மழையும் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். குந்தாவும் கூடலூரும் தென்மேற்குப் பருவமழையில் நனைகின்றன. கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் பெரிசு. ஆனால் ஒரு செடியை நட்டுவிட்டு எத்தனை வருடம் காத்திருக்க முடியும் என்று ஒரு விவசாயி கணக்குப் போடுகிறார் பாருங்கள், அந்தக் கணக்கு காகிதத்தைப் பார்த்துப் போடுவது. தேயிலை நட்டால் மூன்றாம் வருடம்தான் கொழுந்து கிள்ளலாம். கைப்பணம் திரும்பி வர இன்னும் சில வருடம் ஆகும். அப்புறம் ஐம்பது வருடத்துக்கு மேல் நிற்கும். கேரட் மூன்று நான்கு மாதத்தில் லாரி ஏறிவிடும். அடுத்த வருடம் இந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாத ஆள் எதை நடுவார்?

முதலில் கிழக்குப் பக்கம். ஆங்கிலேயர் வருவதற்கு முன் படுகர் ஊர்களில், அதாவது ஹட்டிகளில், சாமையும் ராகியும் மாறி மாறி விதைத்தார்கள். ஒரு துண்டு களைத்துப் போனால் அதை விட்டுவிட்டுப் பக்கத்துத் துண்டுக்குப் போவது வழக்கம். அரசும் தொடக்கத்தில் இதை ஏற்று, தீர்வை கட்டும் நிலத்தைப் போலப் பல மடங்கு நிலத்தில் மாறி மாறி உழும் உரிமையைக் கொடுத்தது. பழைய ஆவணங்களில் இதற்குப் பூர்த்தி முறை என்று பெயர். 1860களில் அதை ஒழித்தார்கள். உழுகிற துண்டுக்கு மட்டும் பட்டா, மீதியெல்லாம் அரசுத் தரிசு என்றானது. கிட்டத்தட்ட அதே காலத்தில் தரிசு நில விதிகள் வந்தன. 1863-க்குப் பிறகு அந்தத் 'தரிசை' ஏலத்தில் எடுத்துத் தோட்டம் போடலாம். யாருக்குத் தரிசு? தோதவருக்கு, அதாவது தோடர் பழங்குடிக்கு, அது எருமை மேயும் புல்வெளி. படுகருக்கு நாளைக்கு உழப்போகும் காடு. பதிவேட்டில் ஒரு சொல் மாறியது, தோட்டக்காரர்கள் வந்து இறங்கினார்கள். இந்த மலையின் நிலப் பங்கீட்டில் பாதி அந்த ஒரு சொல்லில் முடிந்துபோனது என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் ஹட்டிகளுக்கு ரயத்துவாரிப் பட்டா, அதாவது இடையில் யாரும் இல்லாமல் அரசுக்கு நேரே தீர்வை கட்டும் உரிமை, கிடைத்தது பெரிய விஷயம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் நீங்கள் பார்த்த துண்டுத் தேயிலையின் வேர் அதுதான். பட்டா கையில் இருந்ததால்தான் உருளைக்கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறும் துணிச்சல் வந்தது. சட்டத்துக்கே முழுப் பெருமையும் கொடுக்கக் கூடாது. 1961-இல் உருளையில் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது, சோவியத் யூனியன் அள்ளி அள்ளித் தேயிலை வாங்கியது, 1965-இல் இன்ட்கோசர்வ் என்ற கூட்டமைப்பு வந்து கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளை ஒன்றாக இணைத்தது, எல்லாம் சேர்ந்துதான் தேயிலையை ஹட்டி வாசல் வரை கொண்டுவந்தது. ஆனால் இவ்வளவும் நடந்தபோது கையில் பட்டா இல்லாதவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்.

இப்போது அதே பட்டா முட்டுக்கட்டையாகவும் நிற்கிறது. தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா, இல்லாவிட்டால் இருபது பெயர் உள்ள கூட்டுப் பட்டா. நிலத்தில் அவரவர் எல்லை அவரவருக்குத் தெரியும், காலங்காலமாக அப்படியே கொழுந்து எடுக்கிறார்கள். காகிதத்தில் மட்டும் பிரிவினை இல்லை. படுகர் ஊர் வழக்கத்தில் மகளுக்கு நிலம் பிரித்துக் கொடுப்பது இல்லை; 1989-இல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-இல் மத்தியத் திருத்தமும் மகளுக்குச் சம உரிமை கொடுத்துவிட்டன. எனவே இன்றைக்குப் பிரிவினை என்று உட்கார்ந்தால் கட்டிக்கொடுத்த அத்தைமார், அவர்கள் காலமாகியிருந்தால் அவர்கள் பிள்ளைகள், எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அது நியாயம்தான். ஆனால் "அத்தையிடம் போய் விடுதலைப் பத்திரம் கேட்பதா, வேண்டாம் அண்ணா, இப்படியே இருக்கட்டும்" என்று திரும்பிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியே இருந்தால் என்ன ஆகும்? தனிப் பட்டா இல்லாமல் சிறு குறு விவசாயி சான்று வாங்குவது பெரும்பாடு. அந்தச் சான்று இல்லாவிட்டால் சொட்டுநீர் மானியம் இல்லை. மத்திய அரசின் வருடம் 6,000 ரூபாய் திட்டத்துக்கு 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் கணக்கு. கிழடு தட்டிய தேயிலையைப் பிடுங்கிப் புதுக் கன்று நடக் கடன் கேட்டால், வங்கி இருபது பேரின் கையெழுத்தைக் கேட்கும். எனவே யாரும் பிடுங்குவதில்லை. தாத்தா நட்ட செடியைப் பேரன் கவாத்து வெட்டிக்கொண்டே இருக்கிறார்.

எஸ்டேட் கதை வேறு. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துப் போடும் ஏக்கர் கணக்கு) என்றார்கள். 1970-இல் அது 15 ஆனது. சமவெளியில் பெரிய பண்ணைகளை உடைத்த சட்டம் இது. ஆனால் தேயிலை, காப்பி, ரப்பர், ஏலக்காய், சின்கோனாத் தோட்டங்களுக்கு விலக்கு. தஞ்சாவூரில் நூறு ஏக்கர் நெல் வைத்திருந்தவர் உபரியை அரசிடம் விட வேண்டியிருந்தது. இங்கே ஆயிரம் ஏக்கர் தேயிலை அசையவில்லை. தோட்டத்தைத் துண்டாக்கினால் தொழிற்சாலை ஓடாது, அந்நியச் செலாவணி போய்விடும் என்பது அன்றைய வாதம். அதில் பாதிதான் உண்மை என்பதற்கு நீலகிரியே சாட்சி: ஒரு ஏக்கர்க்காரர்களின் கொழுந்தை விலைக்கு வாங்கியே இங்கே எத்தனையோ தொழிற்சாலைகள் ஓடுகின்றன. அந்த விலக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. தோட்டமாக இருக்கும் வரைதான் விலக்கு. தேயிலை விலை சரிந்து எஸ்டேட் நஷ்டத்தில் ஓடினாலும், அதைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்குப் போக முதலாளி யோசிப்பார். அவரைத் தேயிலையோடு கட்டிவைத்திருப்பது சட்டம்.

சரி, கூடலூருக்கு வருவோம். இந்த மாவட்டத்தின் ஆறு தாலுகாக்களில் கூடலூரும் பந்தலூரும் தனி உலகம். அது மலபார் வயநாட்டோடு இருந்த பூமி. 1877-இல் வெட்டி நீலகிரியோடு சேர்த்தார்கள். மாவட்டம் மாறியது, நில முறை மாறவில்லை. அங்கே அரசுக்கும் உழவனுக்கும் நடுவே ஜென்மி என்ற பரம்பரை நிலவுடைமையாளர் இருந்தார். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பம்தான் பெரிய ஜென்மி. தோட்டக்காரர்கள் அவர்களிடம்தான் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தார்கள், சிலது 99 வருடம் வரை. முதலில் காப்பி, 1880 வாக்கில் தேவாலா, பந்தலூரில் தங்கம் கிடைக்கும் என்று லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பங்கு விற்று, தோட்ட நிலத்துக்குக் கண்டபடி விலை ஏறி, தங்கம் தேறாமல் எல்லோரும் கை உதறிய கூத்தும் நடந்தது. கடைசியில் தேயிலை வந்து நின்றது.

சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் 1948 சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது. கூடலூர் ஜென்மத்துக்கு 1969 வரை ஆனது. கூடலூர் ஜென்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் சுமார் 80,000 ஏக்கரைத் தொட்டது. அதன் கணக்கு எளிமையானது. ஜென்மியோ குத்தகைதாரரோ, 1969 ஜூன் 1-க்கு முந்தைய மூன்று வருடம் தொடர்ந்து பயிரிட்டதைக் காட்டினால் ரயத்துவாரிப் பட்டா. தோட்டக் குத்தகைகளை மட்டும் 17-ஆம் பிரிவில் தனியாக வைத்தார்கள்: ஜென்மி இருந்த இடத்தில் அரசு வந்து நிற்கும், பொது நலனுக்குத் தேவை என்று பட்டால் குத்தகையை முடிக்கலாம், இல்லையென்றால் தொடரலாம்.

எளிமையாக எழுதிய சட்டம் நீதிமன்றத்தில் எளிமையாக இருக்கவில்லை. தோட்டக் கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின. 1972-இல் சட்டத்தின் பெரும்பகுதி நின்றது, ஆனால் ஜென்மக் காடுகளை அரசு எடுப்பது நிலச் சீர்திருத்த வரம்புக்குள் வராது என்று அந்தப் பகுதி விழுந்தது. 1974-இல் 34-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் முழுச் சட்டத்தையும், நீதிமன்றம் தொட முடியாதபடி சட்டங்களைக் காக்கும் ஒன்பதாம் அட்டவணைக்குள் வைத்துப் பாதுகாத்தார்கள். அந்த நவம்பரில் அமலுக்கும் வந்தது. பிறகு அந்தப் பாதுகாப்பே செல்லுமா என்று கேள்வி எழுந்து, 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு ஒன்பதாம் அட்டவணையில் வைத்த எந்தச் சட்டத்தையும் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை வைத்துச் சோதிக்கலாம் என்று. சட்டக் கல்லூரியில் இன்றைக்கும் பிள்ளைகள் படிக்கும் அந்தக் கோயல்ஹோ வழக்கின் அடியில் கிடப்பது நம்ம கூடலூர்த் தேயிலைதான்.

இது போதாதென்று இன்னொன்று. கூடலூரில் மரம் வெட்டுவதைத் தடுக்கச் சொல்லி 1995-இல் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-இல் வந்த உத்தரவு, யாருக்குச் சொந்தமானாலும் அகராதிப் பொருளில் காடு என்றால் அது காடுதான், 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும் என்றது. நாடு முழுவதும் காட்டைக் காப்பாற்றிய உத்தரவு. கூடலூரில் அதற்கு ஒரு பக்க விளைவு: பைசல் ஆகாமல் கிடந்த ஜென்ம நிலத்தில் 'காடு' என்று பதிவானதை மத்திய அரசின் அனுமதி இல்லாமல் யாருக்கும் கொடுக்க முடியாது.

இந்த ஐம்பது வருடத்தில் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? திருவிதாங்கூரிலிருந்து வந்தார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் வந்தார்கள். எஸ்டேட் ஓரத்தில், குத்தகை முடிந்த துண்டில், காட்டு விளிம்பில் குடிசை போட்டு நட்டார்கள். வெறும் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியவர்கள் ஏராளம். பெரிய கம்பெனிக்காக எழுதிய 17-ஆம் பிரிவு, பேச்சுவழக்கில் "செக்‌ஷன் 17 நிலம்" என்று இவர்கள் எல்லோருடைய தலையிலும் உட்கார்ந்தது. பட்டா இல்லை என்பதால் பல வீடுகளுக்கு வருடக்கணக்காக மின் இணைப்பு இல்லை. நீங்கள் பார்த்த கரண்ட் இல்லாத வீடு அதுதான். அந்த வீட்டைச் சுற்றி என்ன நட்டிருந்தது என்று கவனித்தீர்களா? மிளகு, காப்பி, பாக்கு, தேயிலை. வருடப் பயிர் கிடையாது. கேரட் விதைக்கும் ஆள் நிலம் நிச்சயமில்லை என்பதால் குறுகிய பயிருக்குப் போகிறார் என்று மேலே சொன்னேன். இங்கே அதே நிச்சயமின்மை தலைகீழாக வேலை செய்கிறது. வருவாய் ஆய்வாளர் வந்து நிற்கும்போது "நான் இருபது வருடமாக இங்கே இருக்கிறேன்" என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டார். அடி பெருத்த காப்பிச் செடி சொன்னால் நம்புவார். ஆக்கிரமிப்புக்கு அபராதம் போடும் பி மெமோவைக்கூட அனுபவத்துக்கு அத்தாட்சி என்று பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

பணியரும் காட்டுநாயக்கரும் முள்ளுக்குறும்பரும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள விலை கொடுத்தார்கள். பத்திரம், பட்டா என்று யோசிக்காமல் வாழ்ந்தவர்களின் நிலத்தை வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பழங்குடிப் பகுதிகளுக்கு அரசியல் சட்டம் தனிப் பாதுகாப்புத் தரும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. ஆந்திரத்தில் இருப்பதுபோலப் பழங்குடி நிலம் கைமாறுவதை அடியோடு தடுக்கும் வேலி இங்கே கிடையாது. 1980களின் இறுதியில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் கிளம்பியபோது, நிலத்தை மீட்டவர்கள் அதில் தேயிலை நட்டார்கள். தேயிலையில் அவர்களுக்கு ஆசை இருந்ததா என்பது இரண்டாம் பட்சம். சர்க்காருக்குப் புரியும் மொழியில் "இது எங்களுடையது" என்று எழுதினார்கள், அவ்வளவுதான். 2006 வன உரிமைச் சட்டம் அதற்கு ஒரு வழி திறந்தது: 2005 டிசம்பர் 13-க்கு முன் அனுபவித்த வன நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை. வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. வழக்குகளால் தமிழ்நாட்டில் அது தாமதமாகத்தான் நகர்ந்தது.

விற்க முடியாத உரிமை நல்லதா கெட்டதா என்று கேட்டால் தோதவர் மந்துகளை, அதாவது அவர்கள் குடியிருப்புகளை, போய்ப் பாருங்கள் என்பேன். ஆங்கிலேயர் காலத்திலேயே ஒவ்வொரு மந்துக்கும் நிபந்தனையோடு நிலம் விட்டார்கள், விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று. அந்த நிபந்தனை இல்லாதிருந்தால் ஊட்டியின் நிலவிலைக்கு முன் ஒரு மந்துகூட நின்றிருக்காது. அதே நிபந்தனைதான் அவர்களை வங்கிக் கடனுக்குத் தகுதியில்லாதவர்களாகவும் வைத்தது. கடன் கிடைக்காதவர், வாய்மொழியாக வேறொருவருக்கு உருளை போட விட்டுவிட்டுக் கொஞ்சம் பணத்தை வாங்கிக்கொள்வதும் நடந்தது. நிலம் அவருடையது, லாபம் இன்னொருவருடையது. இரண்டையும் தராசில் வைத்தால் நிபந்தனை இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். கடனுக்கு வேறு வழி தேட வேண்டும்.

தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968-இல் தொடங்கிய, டான்டீ என்று சொல்லும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இன்னொரு வகை. வன நிலத்தில் அரசு நட்ட தேயிலை. தொழிலாளிக்குச் சம்பளமும் லைன் வீடும் உண்டு, ஒரு சென்ட் நிலம் கிடையாது. நஷ்டம் ஏறி 2022-இல் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு உத்தரவிட்டபோது, இரண்டு தலைமுறையாக அங்கே கொழுந்து கிள்ளியவர்கள் முதல் முறையாகக் கேட்டார்கள்: நாங்கள் எங்கே போவது? ஐம்பத்து நான்கு வருடத்துக்கு முன்பு ஆளுக்கு இரண்டு ஏக்கர் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

கேத்திக் கேரட்டுக்கு வருகிறேன். அங்கே உழுகிறவர்களில் பலர் சொந்தக்காரர் இல்லை. வருடத்துக்கு இவ்வளவு என்று பேசிக் குத்தகைக்கு எடுப்பார்கள், எழுத்தில் ஒன்றும் இருக்காது. ஏன் எழுதுவதில்லை? 1955 சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். சொந்த உடலுழைப்பில் பயிரிடும் குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது. நல்ல நோக்கம். ஆனால் "எழுதிக் கொடுத்தால் ஆள் எழும்ப மாட்டான்" என்று சொந்தக்காரர் பயந்து, வாய்ப்பேச்சோடு நிறுத்தி, வருடா வருடம் ஆளையும் மாற்றிவிடுகிறார். குத்தகைக்காரர் சரிவில் கல் கட்டுவாரா? உரத்தைக் கொட்டி, மூன்று போகம் எடுத்து, போய்விடுவார். மேல்மண் மழையில் ஓடி வரும். இந்தக் காய்கறியை இயற்கை விவசாயத்துக்கு மாற்றுங்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இயற்கை விளைபொருள் சான்றுக்கு வருடப் பயிருக்கே இரண்டு வருடம் மாற்றுக்காலம் வேண்டும். அடுத்த சித்திரையில் நிலம் யாரிடம் இருக்கும் என்று தெரியாதவர் இரண்டு வருடத்துக்குத் திட்டம் போடுவாரா?

உங்கள் கடைசிக் கேள்வி, ரெண்டு ஏக்கர். வாங்கலாம். கர்நாடகத்தில் 2020 வரை இருந்ததுபோல, விவசாயி அல்லாதவர் வாங்கக் கூடாது என்ற தடை இங்கே இல்லை. வாங்கிய பிறகுதான் சட்டங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து வணக்கம் சொல்லும். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நின்ற சில்வர் ஓக்கை வெட்ட 1955 மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். தனியார் காடு என்று அறிவித்த நிலமாக இருந்தால் 1949 சட்டம் வரும். விற்கவே அனுமதி வேண்டும். ஜேசிபி இறக்கவும் ஆழ்துளைக் கிணறு போடவும் ஆட்சியர் அனுமதி. வீடு கட்டினால் உயரம் 7 மீட்டர். மசினகுடிப் பக்கம் யாராவது மலிவாகக் காட்டினால், யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததை நினைவில் வையுங்கள்.

தரகர் பட்டாவையும் சிட்டாவையும் கொண்டுவந்து காட்டுவார். அவற்றோடு முப்பது வருட வில்லங்கச் சான்றும் புல வரைபடமும் வாங்குங்கள். அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேட்டில் அந்தப் புல எண் வரியைக் கண்ணால் பாருங்கள். ரயத்துவாரி என்று இருக்கிறதா, நிபந்தனை ஒப்படையா (அரசு நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலமா), கூடலூர் என்றால் ஜென்மச் சட்டத்தின் எந்தப் பிரிவு, கூட்டுப் பட்டாவில் எத்தனை பெயர், அதில் எத்தனை அத்தைமார் என்று. குறிப்பு என்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கும். அதில் பென்சிலால் ஏதாவது எழுதியிருந்தால், அதைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்த ஆளோடு இன்னொரு தரம் போய்விட்டு வந்து, அதற்கப்புறம் முன்பணம் கொடுங்கள்.